யாருக்காவது கொடுத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு கோழிகள். வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு மாதமாக ஒரு முட்டைகூட இல்லை. தீவனச் செலவு மட்டும் குறையவில்லை. கூடு முழுக்க இறகு வேறு, பெருக்கி மாளவில்லை. கறிக்குப் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். ஆறுக்கும் பெயர் வைத்த மகள் அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கும் மனசு வரவில்லை. யாருக்காவது கொடுத்துவிட்டுப் புதிதாகக் குஞ்சு வாங்கலாமா?
— ஒரு வாசகி

பதில்: கேட்டதற்குப் பதில் அப்புறம் சொல்கிறேன். போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, 'கூடு முழுக்க இறகு' என்று, முதலில் அதற்கு வருகிறேன். பெருக்குகிற அலுப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முட்டை ஏன் நின்றது என்பதற்கு விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. உங்கள் கோழிகள் இறகு மாற்றுகின்றன.

வளர்ந்த கோழி ஆண்டுக்கு ஒருமுறை பழைய இறகை உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்கவிடும். தலை, கழுத்து என்று தொடங்கி, மார்பு, முதுகு, இறக்கை, வால் என்று போகும். இறகு கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். உடம்பு அத்தனை புரதத்தையும் இறகுக்குத் திருப்பிவிடுவதால் அந்தச் சமயத்தில் முட்டைக்கு மிச்சம் இருப்பதில்லை. சில கோழிகள் இரண்டு மாதத்தில் எழுந்துவிடும், சில நான்கு மாதம்வரை இழுக்கும். உங்கள் இரண்டு மாதக் கணக்கு இதில் சரியாக உட்காருகிறது. பிரசவ விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கழுத்தில் கையை விட்டு இறகை விலக்கிப் பாருங்கள். தோலில் ஈர்க்குச்சி முனைபோல் நீலம் பாய்ந்த குருத்துகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது புது இறகு. தொட்டால் கோழிக்கு வலிக்கும், உள்ளே ரத்தம் ஓடுகிறது. ஆகவே அந்த நாட்களில் கோழிகளைத் தூக்கிக் கொஞ்ச மகளை விடாதீர்கள். குருத்து எதுவும் இல்லாமல் முதுகிலும் பின்புறத்திலும் மட்டும் வழுக்கையாக இருந்தால் கதை வேறு. செள்ளோ, சேவலோ, ஒன்றையொன்று கொத்திக்கொள்வதோ காரணமாக இருக்கும். இரவு கோழிகள் அடைந்த பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போய், அவை உட்காரும் கொம்பின் அடிப்பக்கத்தையும் பலகை இடுக்குகளையும் பாருங்கள். சிவப்பு உண்ணி பகலில் அங்கே ஒளிந்துகொண்டு இரவில் வந்து ரத்தம் குடிக்கும். பகலில் மட்டும் பார்த்துவிட்டு 'பூச்சி ஒன்றும் இல்லை' என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

முட்டை குறைய வேறு காரணங்களும் உண்டு. பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் குறையும். கடும் வெயிலில் குறையும். ஒரே ஒரு நாள் தண்ணீர்ப் பாத்திரம் காய்ந்து கிடந்தால்கூடப் பல நாட்களுக்கு அதன் வடு தெரியும், முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தானே. அடைக்கு உட்கார்ந்த கோழியும் இடாது. அப்புறம், கோழி முட்டையிட்டும் உங்கள் கைக்கு வராமல் போகலாம். எலி, பாம்பு, கீரி, ஏன், கோழியே கொத்திக் குடித்துவிடலாம். இல்லையென்றால் ஒளித்து இடும்.

இந்தக் கடைசிக் காரணத்தில் நானே ஏமாந்தவன். எங்கள் வீட்டில் இருந்த சாம்பல் நிறக் கோழி ஒரு மாதமாக முட்டையிடவில்லை என்று முடிவுகட்டி, கேட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் விறகுக் குவியலைப் பிரித்தபோது பின்னால் பதினோரு முட்டைகள், சருகு மேல் வரிசை கலையாமல். தினமும் காலையில் அந்தப் பக்கம் போய்க் கொக்கரித்துக்கொண்டு வந்ததே, அதையாவது காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். 'முட்டையிடாத கோழி' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு அந்த விறகுக் குவியல்தான் ஞாபகம் வருகிறது.

சரி, எது இடுகிறது, எது இடவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோழியின் தலை உங்கள் முழங்கைப் பக்கம் வரும்படி, வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்து அணைத்துக்கொள்ளுங்கள். திமிறாது. வால் அடியில் முட்டை வரும் துவாரத்தின் இரு பக்கமும் மெல்லிய எலும்பு முனை இரண்டு தட்டுப்படும். நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைந்தால் அது முட்டைக்கோழி. ஒரு விரலே சிரமம் என்றால் இப்போது இடவில்லை. இடுகிற கோழிக்குத் துவாரம் அகலமாக, ஈரமாக, வெளிறி இருக்கும். இடாததற்குச் சுருங்கி உலர்ந்திருக்கும். கொண்டையும் அப்படித்தான். இடும்போது சிவந்து கொழுத்திருக்கும், நின்றதும் சுருங்கி மங்கிவிடும்.

மேலே 'இப்போது' என்று எழுதினேன், அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். இந்தச் சோதனை இன்றைய நிலைமையைத்தான் சொல்லும். இறகு மாற்றும் கோழிக்கும் எலும்பு நெருங்கித்தான் இருக்கும். இன்றைக்கு விரலை வைத்துப் பார்த்துவிட்டு ஆயுள் தண்டனை எழுதிவிடக் கூடாது. புது இறகு முழுதாக வளரட்டும், அதன் பிறகு ஒரு மாதம் பொறுத்து மறுபடி பாருங்கள். வயிறு மட்டும் பை போல் வீங்கித் தொங்கினாலோ, கோழி நிமிர்ந்து நின்று தள்ளாடினாலோ காத்திருக்க வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டை உள்ளேயே சிக்கியிருக்கலாம், முட்டை உருவாகும் சினைப்பையில் கட்டியும் இருக்கலாம். காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். அதன் வழியில் வந்ததை முந்நூறு இடும்படி மாற்றி எடுத்திருக்கிறோம். அந்த உழைப்பின் விலையை அந்த உறுப்புதான் கொடுக்கிறது.

ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. இந்த ஆறும் திரும்ப இடத் தொடங்கினாலும் பழையபடி இடாது. முதல் வருஷம்தான் உச்சம். பிறகு ஒவ்வொரு வருஷமும் பத்து, இருபது சதவீதம் இறங்கிக்கொண்டே வரும். பெரிய பண்ணைகளில் பல கோழிகள் ஒன்றரை வயதிலேயே கழிக்கப்பட்டுவிடும். வீட்டுக்கோழியோ ஏழெட்டு வருஷம்கூட உயிரோடு இருக்கும். ஆக, இன்றைக்கு இல்லாவிட்டாலும் இன்னும் இரண்டு வருஷத்தில் இதே கேள்விக்கு வந்து நிற்பீர்கள். அதனால் இப்போதே பேசிவிடலாம்.

'யாருக்காவது கொடுத்துவிடலாமா' என்கிறீர்கள். யார் அந்த யாராவது? முட்டையிடாத கோழிகள் ஆறை வாங்கிக்கொண்டு, தினமும் தீவனம் போட்டு, கிழடானதும் மருத்துவம் பார்க்கும் ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால், வாங்குபவர் அன்று மாலையே குழம்பு வைத்துவிடுவார். உங்கள் கணவர் சொன்ன அதே யோசனைதான். உங்கள் கண்ணில் படாது, அவ்வளவே வித்தியாசம். கணவர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லாவிட்டாலும், அவர் நேராகச் சொல்கிறார். எங்காவது திறந்துவிட்டுவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். கூட்டில் வளர்ந்த கோழி வெளியே ஒரு இரவு தாண்டுவதே கஷ்டம்.

வைத்துக்கொள்வது என்றால் கணக்கைத் தெரிந்துகொண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோழி நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். ஆறுக்கும் மாதம் இருபது கிலோ பக்கம். அவிழ்த்துவிட இடம் இருந்தால் புழு, பூச்சி, புல் என்று அதுவே ஓரளவு பார்த்துக்கொள்ளும். செடிகளுக்கு எச்சம் கிடைக்கும், ஆனால் பச்சையாகப் போடாதீர்கள், வேர் கருகிவிடும், மக்கவைத்துப் போடுங்கள். அடைக்கு உட்காரும் குணம் உள்ள கிழட்டுக்கோழிக்கு அடுத்தவர் முட்டையை வைத்தாலும் 21 நாள் பொறுமையாக உட்கார்ந்து குஞ்சு பொரித்துத் தரும்.

கறிக்குத்தான் என்று முடிவானால், குடல்புழுவுக்கோ வேறு எதற்கோ மருந்து கொடுத்திருந்தால் மருந்து அட்டையில் போட்டிருக்கும் இடைவெளி நாட்கள், அதாவது மருந்து கோழியின் உடம்பைவிட்டு நீங்கும் காலம், முடியும்வரை தொடாதீர்கள். பழகிய கை ஒன்றே வெட்டட்டும், கற்றுக்கொள்ளும் இடம் இதுவல்ல. கறி முறுக்காக இருக்கும், சின்னத் தீயில் நேரம் எடுத்து வேகவிட வேண்டும், சாறு நன்றாக இருக்கும். உங்கள் வீட்டில் யார் சாப்பிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

மகளிடம் மட்டும் 'தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம்' என்று சொல்லாதீர்கள். ஆறுக்கும் பெயர் வைத்த பிள்ளை, அந்தத் தோட்டத்துக்கு ஒருநாள் கூட்டிப் போகச் சொல்லும்.

குஞ்சு வாங்குவதானால் வாங்குங்கள், ஆனால் தனிக் கூட்டில் வையுங்கள். பழைய கோழிகளோடு முதல் நாளே சேர்த்தால் கொத்திக் காயப்படுத்தும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடாதீர்கள், முட்டை ஓட்டுக்காக அதில் சேர்த்திருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இறகு முளைக்கும் உங்கள் ஆறுக்கும் இப்போது அத்தனை சுண்ணாம்பு தேவையில்லை. புரதம் கூடின தீவனமாக மாற்றிவிட்டு, கிளிஞ்சல் பொடியைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியது கொத்திக்கொள்ளும்.