கேள்வி–பதில்: ஆய்வுத் தரவைக் கொடுக்கலாமா?

கேள்வி: கைத்தறி நெசவாளர் குடும்பங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்து வைக்கும் சோத்கங்காவில் ஏறிவிட்டது. அதிலிருந்து எழுதிய கட்டுரைக்கு ஆய்விதழ் இப்போது மூலத் தரவையும் கேட்கிறது. கொடுத்தால் என் உழைப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா?
– ஆய்வு மாணவி, பரமக்குடி

பதில்: தயங்காமல் கொடுங்கள், அம்மா. நெறியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, செனோடோ போன்ற தரவுக் களஞ்சியத்தில் உங்கள் பெயரில் பதியுங்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் நடத்தும் களஞ்சியம் அது, கட்டணம் கிடையாது. பதிந்த தேதியோடு, அந்தத் தரவை உங்கள் பெயரோடு அடையாளம் காட்டும் நிலையான டிஓஐ எண் கிடைக்கும். இன்னும் கட்டுரைகள் எழுத வேண்டுமென்றால், குறிப்பிட்ட நாள்வரை கோப்பைப் பூட்டியும் வைக்கலாம்.

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வேட்டுப் பிரிவைக் கவனித்தவன் என்ற முறையில், திருட்டைவிட மறதிக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன். தரவு அட்டவணையின் வருமானப் பத்தியில் 99 என்று இருந்தால் அது ‘பதில் சொல்லவில்லை’ என்பதற்கான குறியீடு என்று இன்று உங்களுக்குத் தெரியும். நாளை எடுப்பவர் அதையும் ரூபாயாகக் கூட்டிச் சராசரி போட்டுவிடுவார். ஒவ்வொரு பத்திக்கும் விளக்கம் எழுதிக் கூடவே வையுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பதில்கள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எக்செல் கோப்போடு, எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய உரைக்கோப்பான சிஎஸ்வி பிரதியும் ஒன்று இருக்கட்டும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 516 உயிரியல் கட்டுரைகளின் தரவைத் தேடினார்கள். கட்டுரைக்கு வயது ஒன்று கூடக்கூட, தரவு மிஞ்சியிருக்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைந்துகொண்டே போனது.

நெசவாளர்கள் விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பெயரை நீக்கினால் போதாது. தெரு, வயது, தறியின் வகை, முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஆகிய நான்கும் ஒரே வரியில் இருந்தால் அது யார் வீடு என்று ஊரே சொல்லிவிடும். முன்பணத்தைப் பற்றி உங்களை நம்பிச் சொன்னவர் நாளையும் அதே முதலாளியிடம்தான் நெய்வதற்குப் பாவு நூல் வாங்கப் போகவேண்டும். தெருவை எடுத்துவிடுங்கள், வயதைப் பத்தாண்டுத் தொகுப்பாக்குங்கள். பகிர்வதற்குச் சம்மதம் கேட்டுப் பதிவு செய்யாத ஒலிப்பதிவுகளை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். காரணத்தை எழுதி விளக்கினால் பொறுப்புள்ள ஆய்விதழ் ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: என் ஆய்வுத் தரவை இரண்டு பென் டிரைவில் வைத்திருக்கிறேன். போதாதா?
– ஆய்வாளர், தஞ்சாவூர்

பதில்: போதாது. பயன்படுத்தாமலே கிடக்கும் பென் டிரைவ் சில ஆண்டுகளில் தரவை இழக்கக்கூடும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு இடத்தில். ஆண்டுக்கொருமுறை மூன்றையும் திறந்து பாருங்கள்.