ஹோலிச் செடிக்கு வேலூர் வெயில் எவ்வளவு?

தோட்டக்கலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சென்ற தை மாதம் ஒரு நர்சரியில் ‘ஹோலி’ என்று சொல்லி முள் இலைச் செடி ஒன்றைக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வரும் செடி என்று ஆசையோடு வாங்கி வந்தேன். முழு வெயில், அதாவது நாளுக்கு 6 மணி நேர வெயில் வேண்டும் என்று படித்ததால் மொட்டை மாடியில் மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் வைத்தேன். சித்திரை பிறந்ததும் இலையோரம் கருகியது. பயந்துபோய் மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். பதினைந்தே நாளில் இலைகள் கொட்டுகின்றன. இதற்கு எவ்வளவு வெயில்தான் வேண்டும்?
(காட்பாடி வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வெயிலைக் கணக்கிடும் முன் உங்களிடம் இருப்பது எந்தச் செடி என்று பார்த்துவிடுவோம். ஒரு கிளையைக் கையில் எடுத்து, இலைகள் தண்டோடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். ஒரே கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக அமர்ந்திருந்தால் அது சிங்கப்பூர் ஹோலி. ஒரு கணுவுக்கு ஓர் இலையாக மாறி மாறி வந்தால் உண்மையான ஹோலியாக, அதாவது இலெக்ஸ் பேரினத்துச் செடியாக இருக்கலாம். நம் பக்கத்து நர்சரிகளில் ஹோலி என்ற பெயரில் நான் கண்டவற்றில் பெரும்பாலானவை முதல் வகையே. சிங்கப்பூர் என்ற பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டாலும் அதன் பூர்வீகம் மேற்கிந்தியத் தீவுகள். சுமார் 2 செ.மீ. நீளமுள்ள பளபளப்பான முள் இலையும், ஓரம் சுருங்கிய வெளிர் ரோஜா நிறப் பூவும் அதன் அடையாளம். பார்படோஸ் செர்ரிக்கு நெருங்கிய உறவு. இலெக்ஸுக்கு உறவே இல்லை.

இந்த வேறுபாட்டை வலியுறுத்தக் காரணம் உண்டு. சிங்கப்பூர் ஹோலி வெப்ப மண்டலச் செடி. தரையில் வேர் பிடித்துவிட்டால் நம் வெயிலைத் தாங்கும், நல்ல வெளிச்சம் இருந்தால்தான் பூக்கவும் செய்யும். வாழ்த்து அட்டையில் வரும் உண்மையான ஹோலியான ஐரோப்பிய ஹோலியோ மிதமான குளிரும் ஈரக் காற்றும் உள்ள நிலத்தில் பிறந்தது. மரமில்லா மலை, தண்ணீரில்லா ஆறு என்று நாமே சொல்லிக்கொள்ளும் ஊர் நம்முடையது. பகலெல்லாம் காய்ந்த பாறை இரவிலும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும் இந்தச் சமவெளியில் ஐரோப்பிய ஹோலி ஆண்டுக்கணக்கில் தழைத்து நான் பார்த்ததில்லை. நிழலைக் கூட்டினால் இலை கருகுவது குறையுமே தவிர, இரவுச் சூட்டுக்கு நிழல் மருந்தாகாது.

இனி அந்த 6 மணி நேரக் கணக்குக்கு வருவோம். அது பெரும்பாலும் குளிர் நாடுகளில் தோட்டம் போடுகிறவர்களுக்காக எழுதப்பட்டது. லண்டனில் கோடையின் உச்சமான ஜூன் மாதத்தில்கூட நண்பகல் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 62 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். வேலூரிலோ மார்கழி மாதத்திலேயே 53 பாகையைத் தாண்டிவிடும், சித்திரையில் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஆகவே அவர்கள் சொல்லும் முழு வெயிலையும் நம் மாடியின் முழு வெயிலையும் ஒன்றாக வைத்து எண்ணக் கூடாது. நம் ஊரில் எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்த நேரத்து வெயில் என்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. காலையில் சூரியன் எழுந்ததிலிருந்து பத்தரை மணி வரை நேர் வெயிலும், அதன்பின் மாலை வரை வானம் தெரியும் வெளிச்சமான நிழலும் கிடைக்கும் இடமே தொட்டியிலுள்ள உங்கள் செடிக்கு ஏற்றது. கார்த்திகை முதல் மாசி வரை நாள் முழுவதும் வெயில் பட்டாலும் கேடில்லை.

உங்கள் செடி கருகியதற்கு வெயிலைவிடச் சுவர்தான் பெரிய காரணம் என்று எண்ணுகிறேன். பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டியின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியவில்லை என்றால், உள்ளே அந்தப் பக்கத்து வேர்நுனிகள் வெந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியானால் கேட்கவே வேண்டாம். வேர் வெந்தால் மண்ணில் ஈரம் இருந்தும் இலைக்கு நீர் ஏறாது. முதலில் காய்வது இலையின் ஓரம். தொட்டியைச் சற்றுப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும்.

மாடிப்படிக்கு அடியில் இலை கொட்டியதும் வியப்பில்லை. நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் அந்த இடம் பசுமை மாறாச் செடிக்கு இருட்டறை. ஆனால் உடனே மீண்டும் வெயிலில் தூக்கி வைத்துவிடாதீர்கள். நிழலில் துளிர்த்த இலை மென்மையானது, ஒரே நாளில் வெளுத்துவிடும். முதல் மூன்று நாள் காலையில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழக்குங்கள். புதுத் துளிர் நிலைக்கும் வரை உரமும் வேண்டாம், கவாத்தும் வேண்டாம்.

மாடியில் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கச் சுண்ணாம்புக் கட்டி ஒன்று போதும். விடுமுறை நாளில் மணிக்கு ஒருமுறை மாடியேறி, நிழல் விழும் விளிம்பில் ஒரு கோடும் அருகில் நேரமும் எழுதுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் பதினொரு மணிக்கு எங்கே வந்து நிற்கிறது என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். நிழலே இல்லாத மாடியானால் 50 சதவீத நிழல்வலையைச் செடிக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள். செடியின் மேல் போர்த்த வேண்டாம், காற்று ஓட வேண்டும்.

கேள்வி: வடக்குப் பக்கத்தில் வெயில் படாது என்று சொல்லக் கேட்டு, சிங்கப்பூர் ஹோலியை வீட்டின் வடக்குச் சுவரோரம் தொட்டிகளில் வரிசையாக வைத்தேன். வைகாசியில் அங்கேயும் இலைகள் வெளுக்கின்றனவே, ஏன்?
(குடியாத்தம் வாசகர்)

பதில்: வடக்குச் சுவரில் ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் படாது என்பது கடகரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளுக்குப் பொருந்தும். நம் பகுதி ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் உள்ளது. சித்திரை 10ஆம் தேதியை ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேராக வருகிறது. அன்று பகல் 12.15 மணியளவில் கொடிக்கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். அதன்பின் ஆவணி பிறக்கும் வரை சூரியன் நமக்கு வடக்கே செல்வதால், அத்தனை நாளும் வடக்குச் சுவர் வெயிலில் காயும், தெற்குச் சுவர்தான் நிழலாகும். கத்திரி வெயில் இந்தக் காலத்துக்குள்தானே வருகிறது! தொட்டிகளைச் சித்திரையில் தெற்குப் பக்கம், சன்ஷேடுக்குக் கீழே மாற்றுங்கள். தரையில் நட்டிருந்தால் வடக்கே ஒரு பந்தல் கொடி போதும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வெயில் பட்ட பக்கத்து இலைகள் மட்டும் வெளுத்தால் வெயில்தான் காரணம். நரம்பு பச்சையாக இருந்து, இளம் இலைகளில் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரால் இரும்புச் சத்து கிடைக்காமல் போயிருக்கலாம். அதற்கு நிழல் தந்து பயனில்லை. மழைநீரைச் சேமித்து ஊற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஏலகிரியில் எங்கள் தோட்டத்தில் உண்மையான ஹோலி நன்றாக வளர்கிறது. பூத்தும் சிவப்புப் பழம் வரவில்லை. வெயில் போதவில்லையா?
(திருப்பத்தூர் வாசகர்)

பதில்: சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உங்களுக்கு அந்தச் செடி வாய்த்திருக்கிறது. பூக்கிறது என்றால் வெயில் குறை என்று சொல்ல மாட்டேன். அடர் நிழலில் பூவே அரிது. ஹோலியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூவை விரித்துப் பாருங்கள். நடுவில் பச்சை மணி போலச் சூலகம் இருந்தால் பெண். அதற்கு அருகில் ஆண் செடி ஒன்றும் தேனீயும் வேண்டும். மகரந்தம் நிறைந்த கேசரங்கள் மட்டும் தெரிந்தால் ஆண். அது ஒருநாளும் பழுக்காது. பழம் வந்தால் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாந்தி வரும்.