டோக்கியோவில் வேலை பார்க்கும் யூதர் பெசாஹ் (பாஸ்கா) பண்டிகையை முறைப்படி அனுசரிக்க என்ன செய்ய வேண்டும்?

எல்லாரும் முதலில் தேடுவது மட்சாவைத்தான் (புளிக்காத அப்பம்). ஹிரோவில் இருக்கும் ஜப்பான் யூத சமூகத்திடமோ ஹபாத் (யூத மத அமைப்பு) மையத்திலோ விசாரிக்கலாம், ஊரிலிருந்து வருபவரிடமும் சொல்லிவிடலாம். பெட்டியில் பெசாஹுக்கு உகந்தது என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் கடையில் விற்கும் மட்சா பலவற்றில் அது இருக்காது. ஆனால் ஆள் சறுக்குவது மட்சாவில் அல்ல. சமையலறை அலமாரியிலும் கடிகாரத்திலும்தான்.

அலமாரியிலிருந்து தொடங்குங்கள். பெசாஹில் விலக்க வேண்டிய ஹமேட்ஸ் என்றால் கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகியவற்றில் செய்து புளித்த எதுவும். வழக்கமான ஜப்பானிய சோயா சாஸைச் சோயாவும் ஏறக்குறைய அதே அளவு கோதுமையும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். அதனால் அது சேரும் போன்ஸு (புளிப்புச் சாஸ்), டெரியாகி சாஸ், பல டாஷி (சூப் சாறு) பொடிகள் எல்லாமே போயிற்று. சாதாரண தானிய வினிகரிலும் கோதுமை இருக்கும். லேபிளில் 'கொமுகி' (கோதுமை) இல்லையென்று நிம்மதி அடையாதீர்கள். அங்கே ஒவ்வாமைப் பட்டியலில் கோதுமையைக் குறிப்பிடுவது கட்டாயம், பார்லியை அல்ல. பார்லி மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) அப்படித்தான் கண்ணில் படாமல் தங்கிவிடுகிறது. ஆகவே ஒவ்வாமைக் கட்டத்தோடு நிற்காமல் மூலப்பொருள் பட்டியல் முழுவதையும் படியுங்கள். 'முகி' என்ற எழுத்து எங்கே வந்தாலும் அதை ஒதுக்குங்கள். அஷ்கனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கமுள்ளவர்கள் அரிசி, சோயாவையும் தொடமாட்டார்கள். செஃபார்டிகளில் (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதர்) பலர் சாப்பிடுவார்கள்.

ஒதுக்கியதை அலமாரியில் வைத்து டேப் ஒட்டி, ரப்பி (யூத மதகுரு) மூலம் யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவது வழக்கம். இங்கேதான் கடிகாரம் காலை வாரும். 2027-இல் பண்டிகை ஏப்ரல் 21 மாலை தொடங்குகிறது. டோக்கியோவில் அன்று காலை சுமார் 10.30-க்குப் பிறகு ஹமேட்ஸ் உங்கள் உடைமையாக இருக்கக் கூடாது. அப்போது நியூயார்க்கில் 20-ஆம் தேதி இரவு 9.30. அங்குள்ள ரப்பி தன் ஊர் நேரப்படி 21 காலையில் விற்றால், உங்களுக்குக் காலம் கடந்துவிட்டது. நீங்கள் இருக்கும் ஊரைச் சொல்லி, முந்தைய நாளே விற்கச் சொல்லுங்கள். முடிவிலும் இதே கதைதான்: உங்களுக்கு 29 இரவு பண்டிகை முடிந்தாலும் நியூயார்க் ரப்பிக்கு முடியவில்லை. மறுநாள் காலை 10 மணி வரையாவது டேப்பைப் பிரிக்காதீர்கள். உள்ளூர் ரப்பி மூலம் விற்றால் இந்தக் கணக்கே வேண்டாம். என் சிபாரிசு அதுதான்.

லீவு விஷயம் சுலபம். இஸ்ரேலுக்கு வெளியே 8 நாள் பண்டிகை, 2 இரவு செடர் (சடங்கு) விருந்து. வேலை கூடாத நாள்கள் ஏப்ரல் 22, 23, 28, 29. கடைசி நாள் ஜப்பானின் ஷோவா தின அரசு விடுமுறை, ஆக 3 நாள் கேட்டால் போதும். 22, 23-ஐ ஒட்டியே சபாத் (வெள்ளி மாலை தொடங்கும் வார ஓய்வுநாள்) வருவதால், புதன் மாலைக்குள் ஒரு மட்சாவும் ஒரு அவித்த முட்டையும் எடுத்து வைத்து 'எருவ் தவ்ஷிலின்' (பண்டிகை நாளில் சபாத்துக்குச் சமைக்க வழிசெய்யும் சடங்கு) சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வெள்ளியன்று சபாத்துக்குச் சமைக்க வழியில்லை.

வேலை கூடாத நாள்களில் புதிதாக நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் சிறுதீயில் கேஸ் அடுப்பை விட்டுவைப்பது பல வீட்டு வழக்கம். ஜப்பானிய வீட்டு அடுப்புகள் மறதிக்குப் பாதுகாப்பாக சுமார் 2 மணி நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும். செடர் முடியுமுன்பே சூப் ஆறிப்போகும். இஸ்ரேலிலிருந்து கொண்டுவந்த 220 வோல்ட் பிளாட்டா (சூடு தட்டு) அங்குள்ள 100 வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் தரும். தானாக அணையாத உள்ளூர்த் தட்டு ஒன்று வாங்குங்கள். வெள்ளி மாலை சபாத் விளக்கேற்ற, புதனன்றே 48 மணி நேரத்துக்கு மேல் எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிவையுங்கள்.

செடருக்கான ஒயின் கணக்கு: கோப்பைக்குக் குறைந்தது 86 மி.லி., இரவுக்கு 4 கோப்பை, 2 இரவுக்கு 688 மி.லி. ஆளுக்கு ஒரு பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரியில்லாமல் ஜப்பானுக்குள் ஒருவர் 3 பாட்டில் கொண்டுவரலாம். கோஷர் (யூத உணவு விதிப்படியான) இறைச்சியை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஏற்றுமதி நாட்டின் பரிசோதனைச் சான்று இல்லாத இறைச்சியை விமான நிலையத்தைத் தாண்ட விடமாட்டார்கள்.