பாஸ்வேர்டு தணிக்கை: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: எட்டு எழுத்து, அதில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறியீடு என்று விதி வைத்திருக்கிறோம். பிறகு, ஊழியர்கள் வைத்திருக்கும் பாஸ்வேர்டுகள் பலவீனமா என்று சோதிக்கும் தணிக்கை எதற்கு?

பதில்: 'வெல்கம்@123' அந்த விதியில் அழகாகத் தேறிவிடுமே! உடைக்கிறவர்கள் முதலில் போட்டுப் பார்ப்பதே இந்த மாதிரிச் சொற்களைத்தான். 2009இல் ராக்யூ தளத்திலிருந்து 3.2 கோடிக்கும் மேல் பாஸ்வேர்டுகள் அப்படியே வெளியே போயின, அந்தப் பட்டியல் இன்றும் பாதுகாப்புச் சோதனைக்கான காளி லினக்ஸ் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது.

கேள்வி: விண்டோஸ் டொமைன் (எல்லோருடைய அக்கவுன்டையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் நெட்வொர்க்), 150 பேர். எந்தக் கருவியில் தொடங்கலாம்?

பதில்: டிஎஸ்இன்டர்னல்ஸ். இலவசம், விண்டோஸில் கட்டளை கொடுக்கும் பவர்ஷெல்லில் ஓடும். எதையும் உடைக்காது, டொமைனின் அக்கவுன்ட் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியில், பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சேமித்திருக்கும் கணித உருமாற்றங்களான ஹாஷ்களைக் கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, யாருடையது பலவீனம், யாருக்குப் பாஸ்வேர்டே இல்லை, யார் யாருக்கு ஒரே பாஸ்வேர்டு என்று சொல்லிவிடும். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎல்எம் வகை ஹாஷில் சால்ட், அதாவது ஆளுக்கு ஆள் மாறும் கூடுதல் எழுத்துகள், கிடையாது, அதனால் ஒரே பாஸ்வேர்டு என்றால் ஒரே ஹாஷ்தான். ஒரு ஆபீஸில் பேக்கப் மென்பொருள் பயன்படுத்தும் சர்வீஸ் அக்கவுன்டும், டொமைன் முழுவதையும் ஆளும் டொமைன் அட்மின் ஒருவருடைய அக்கவுன்டும் ஒரே பாஸ்வேர்டுக் குழுவில் வந்து நின்றன. பேக்கப் பாஸ்வேர்டோ ஒரு ஸ்கிரிப்டில் வெளிப்படையாக எழுதிக் கிடந்தது. முதலில் இப்படிப்பட்டதைச் சரி செய்யுங்கள். ஹாஷை உடைத்துப் பார்க்கும் ஹாஷ்கேட், ஜான் த ரிப்பர் எல்லாம் அப்புறம்.

கேள்வி: மேனேஜரிடம் சொல்லாமல் செய்து, முடிவைக் காட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதியில்லாமல் தரவை நகலெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. அதோடு, தணிக்கைக்காக நீங்கள் நகலெடுக்கும், எல்லோருடைய ஹாஷும் உள்ள அந்த ஒரு கோப்பில் ஆபீஸின் சாவி மொத்தமும் இருக்கிறது. நெட்வொர்க்கில் இல்லாத, டிஸ்க் என்கிரிப்ட் செய்த கணினியில் மட்டும் வையுங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

கேள்வி: சிக்கியவர்கள் பெயரை எல்லோருக்கும் மெயில் போட்டால் பயம் வருமே?

பதில்: பயம் வரும், அடுத்த முறை ஒருவரும் ஒத்துழைக்க மாட்டார்கள். தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மாற்ற வையுங்கள்.

கேள்வி: மாதாமாதம் மாற்றச் சொல்கிறோம், சரிதானே?

பதில்: இல்லை. 'ஜனவரி@1' போய் 'பிப்ரவரி@2' வரும், அவ்வளவுதான். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே இப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கசிந்ததாகத் தெரிந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள், நீளமாக வைக்க விடுங்கள்.