நீல அம்பு இருந்தால் ஓட்டலாம்: வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்துக் கிராமத்துக் காட்டுப் பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். பலரும் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மகனுக்கு 15 வயது. வீடியோக்களைப் பார்த்துவிட்டு மவுண்டன் பைக் ஓட்டியே தீருவேன் என்கிறான். தனியே அனுப்பப் பயமாக இருக்கிறது. நானும் கூடப் போகலாமா? எங்கே தொடங்குவது?
– நியூ மோல்டன் வாசகி

தாராளமாகப் போகலாம். நானே நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இதில் இறங்கினேன். உங்களுக்குப் பக்கத்தில் பீஸ்லேக் இருக்கிறது. சர்ரே மலைப்பகுதியில், கில்ஃபர்டுக்கும் டார்க்கிங்குக்கும் நடுவே மரங்களுக்குள் இருக்கும் சின்ன ஊர். கில்ஃபர்டில் ரயில் மாறி கோம்ஷாலில் இறங்கினால் அங்கிருந்து நாலு கிலோமீட்டர் போல. எல்லா ரயிலும் கோம்ஷாலில் நிற்காது, நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

ஊருக்கு ஒரு பக்கம் ஹோம்பரி மலை, இன்னொரு பக்கம் பிட்ச் மலை. ஹோம்பரி 261 மீட்டர்தான். இதுவும் ஒரு மலையா என்று சிரித்துக்கொண்டே ஏறத் தொடங்குவீர்கள்; பாதி வழியில் பேச்சு நின்றுவிடும். உச்சியில் இருந்து பீஸ்லேக் பக்கம் இறங்கும் ஒரு தடத்துக்கு 'பேரி நோஸ் பெஸ்ட்' என்று பெயர். அதே மலையில் 'யோகர்ட் பாட்ஸ்' என்ற தடமும் உண்டு, மேடும் குழியுமாக வளைந்து வளைந்து போகும். பையனுக்கு முதலில் அதுதான் பிடிக்கும். ஆனால் முதல் நாளே அங்கே விடாதீர்கள். குதிரைக்கும் சைக்கிளுக்கும் உரிமையுள்ள அகலமான பாதைகளில், அதாவது பிரைடில்வேக்களில், இரண்டு மூன்று மணி நேரம் ஏறி இறங்கட்டும். பின்பக்க பிரேக் எங்கே வழுக்குகிறது, இறக்கத்தில் உடம்பை எவ்வளவு பின்னால் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில் பிடிபடும். குதிக்கும் மேடு வந்தால் முதலில் பைக்கைச் சாய்த்து வைத்துவிட்டு நடந்து போய், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த எலும்பு முறிவுகளில் முக்கால்வாசி இதைச் செய்யாததால் வந்தவை.

ஊர்க் கடையில் சீஸ் ஸ்ட்ரா சூடாகக் கிடைக்கும். சனி, ஞாயிறு காலையில் வாசல் முழுக்கச் சேறு அப்பிய பைக்குகள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வயல் ஓரமாக ஒரு பாதையில் பைக் ஓட்டிப் போனோம். எதிரே நாயோடு வந்த பெரியவர் நின்று, இங்கே சைக்கிள் வரக்கூடாது என்று கடிந்துகொண்டார். பொதுப் பாதை என்று பலகையே இருந்தது. அவர் சொன்னது சரியா? எங்கள் நிறத்தைப் பார்த்துச் சொன்னாரோ என்றும் மனசு உறுத்துகிறது.
– ஹாரோ வாசகர்

அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. சட்டத்தைப் பொறுத்தவரை, அந்தக் கம்பத்தில் இருந்த அம்பு என்ன நிறம் என்று பாருங்கள். மஞ்சள் என்றால் ஃபுட்பாத், நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் பிரைடில்வே. நடக்கலாம், குதிரை ஓட்டலாம், சைக்கிளும் ஓட்டலாம். ஊதாவும் சிவப்பும் பைவே எனப்படும் வண்டிப் பாதை வகை, அவற்றிலும் நமக்கு வழி உண்டு. 'பொதுப் பாதை' என்று எழுதியிருப்பது நடப்பவருக்குப் பொது என்றுதான் பல இடங்களில் பொருள்.

பிரைடில்வேயில் சைக்கிளுக்கு உரிமை வந்ததே 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டத்தால்தான். அதிலும் ஒரு நிபந்தனை: நடப்பவருக்கும் குதிரைக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். இன்னொரு வரியும் அதில் இருக்கிறது. சைக்கிளுக்கு வசதியாகப் பாதையைச் சீர்செய்யும் கடமை யாருக்கும் இல்லை. ஆகவே சக்கரம் புதைகிறது என்று கவுன்சிலுக்குப் புகார் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட மேட்டு நிலங்களும் பொதுநிலங்களும் பொதுவாகக் காலால் நடப்பவருக்குத்தான். ஸ்காட்லாந்து கதை வேறு. அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் பைக்கோடு போகலாம். எடின்பரோவில் இருக்கும் உறவினர் சொன்னதை நம்பி சர்ரேயில் வேலி தாண்டாதீர்கள்.

ஃபுட்பாத்தில் ஓட்டினால் பொதுவாகப் போலீஸ் வராது. நில உரிமையாளர் மனது வைத்தால் சிவில் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். அதற்காக ஓட்டலாம் என்று நான் சொல்ல மாட்டேன். பீஸ்லேக்கைச் சுற்றியுள்ள ஹர்ட்வுட் காடு இன்றும் தனியார் நிலம்தான். 1926இல் ரெஜினால்ட் ப்ரே என்ற நிலக்கிழார், மக்கள் வந்து காற்று வாங்கிப் போகட்டும் என்று எழுதிக் கொடுத்தார். இப்போது 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி ஹர்ட்வுட்' என்ற அறக்கட்டளை நன்கொடையில் பராமரிக்கிறது. பிரைடில்வேயை விட்டு விலகி மரங்களுக்கிடையே ஓடும் தடங்களில் நாம் ஓட்டுவது பெரும்பாலும் அவர்கள் பொறுத்துக்கொள்வதால்தான். ஹோம்பரி உச்சியில் இரும்புக் காலத்துக் கோட்டையின் மண் அரண்கள் இருக்கின்றன. அதன் மேல் ஏறி இறங்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்கே கோபம் வரும். அந்தப் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் குட்டிக் குட்டிப் பச்சைக் கோடுகள் ஃபுட்பாத், நீளமான பச்சைக் கோடுகள் பிரைடில்வே. முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

என்ன பைக் வாங்கலாம்? நண்பர் மூவாயிரம் பவுண்டுக்குக் குறைந்து எதுவும் உதவாது என்கிறார்.
– குரோய்டன் வாசகர்

நண்பருக்கு வசதி இருக்கிறது. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெய்ல், டிஸ்க் பிரேக், உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர், இது போதும். டியூப்லெஸ்ஸை மட்டும் விடாதீர்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் டிராக்டரால் வேலிச்செடியை வெட்டுவார்கள், பாதை முழுக்க ஹாதார்ன் முள் கிடக்கும். டயருக்குள் ஊற்றும் பால் போன்ற அடைப்புத் திரவம் அந்த ஓட்டையைத் தானே அடைத்துவிடும். பழைய பைக் வாங்கினால் ஃபிரேம் எண்ணை பைக்ரெஜிஸ்டர் தளத்தில் போட்டுத் திருட்டுப் பொருளா என்று பாருங்கள். மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட்.

குதிரை வந்தால் என்ன செய்வது? பெல் அடித்தேன், குதிரை மிரண்டு திரும்பியது. உடம்பு நடுங்கிவிட்டது.
– சட்டன் வாசகி

பெல் வேண்டாம், பேசுங்கள். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து "ஹலோ" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பின்னால் வருவது மனிதர்தான் என்று குதிரைக்குப் புரிந்தால் பாதி பயம் போய்விடும். ஓட்டுபவர் வரச் சொன்ன பிறகு, இடம் விட்டு, மெதுவாகத் தாண்டுங்கள். எதிரே வந்தால் ஓரமாக நின்றுவிடுவது உத்தமம். மரத்துக்குப் பின்னால் மட்டும் ஒளியாதீர்கள், அது இன்னும் மிரளும்.

மழைக்காலத்தில் ஓட்டலாமா?
– ரெடிங் வாசகர்

மண்ணைப் பொறுத்தது. பீஸ்லேக் பக்கம் மணற்பாறை மேடு. மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். குளிர்காலத்தில் கூட்டம் அங்கே சேருவது அதனால்தான். கோம்ஷாலுக்கு வடக்கே போனால் நார்த் டவுன்ஸ் சுண்ணாம்பு மேடு. நனைந்த சுண்ணாம்பில் பிரேக் பிடித்தால் சோப்பு மேல் கால் வைத்த கதைதான். தெற்கே சமவெளிக்கு இறங்கினால் களிமண். சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அப்பிக்கொண்டு பைக்கைத் தோளில் சுமக்க வைக்கும். அடைமழைக்கு மறுநாள் நான் மணற்பக்கம் மட்டும்தான் போவேன்.

உண்ணி கடித்தால் ஆபத்தா?
– நியூ மோல்டன், இன்னொரு வாசகி

பிரேக்கன் என்ற பெரணிப் புதர்களை உரசிக்கொண்டு போனால் ஒட்டும். வீடு வந்ததும் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு மடிப்பு எல்லாம் பாருங்கள். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எதுவும் கூடாது. சில உண்ணிகள் லைம் நோய்க் கிருமியைச் சுமக்கும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து நாலு வாரத்துக்குள் வட்டமாகத் தடிப்பு வரலாம். நம் மாதிரி மாநிறத் தோலில் அது சட்டென்று தெரியாது என்பதால் வெளிச்சத்தில் பாருங்கள். தடிப்போ காய்ச்சலோ வந்தால், உண்ணி கடித்ததைச் சொல்லி ஜிபியை (குடும்ப மருத்துவரை) பாருங்கள்.

என் கணவர் ஞாயிறுதோறும் சேற்றோடு வருகிறார். வாஷிங் மெஷின் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. என்ன செய்வது?
– டூட்டிங் வாசகி

சேறு காயட்டும். காய்ந்தபின் வெளியே வைத்து பிரஷ்ஷால் தட்டினால் முக்கால்வாசி உதிர்ந்துவிடும். மிச்சத்தைப் பக்கெட்டில் அலசிய பிறகே மெஷினில் போட வேண்டும். தட்டுவது, அலசுவது, வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவது மூன்றும் அவர் வேலை.