லண்டனில் இயர் 4 (8–9 வயது வகுப்பு) படிக்கும் மகனை கிராமர் பள்ளிச் சோதனைக்கு எப்போது, எப்படித் தயார்ப்படுத்துவது? ரியூசன் கட்டாயமா?

மகன் கணக்கில் கெட்டிக்காரன், வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், இப்போதே ரியூசனில் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இருப்பது தெற்கு லண்டனில் சட்டன் பக்கம். என் இரண்டு பிள்ளைகளும் 11 பிளஸ் எழுதினார்கள், அதாவது சோதனை வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளிகளான கிராமர் பள்ளிகளுக்கு நுழையும் சோதனை. மூத்தவனுக்கு இடம் கிடைக்கவில்லை, இளையவளுக்குக் கிடைத்தது. இடையில் நான் பெரிதாக மாற்றியது, கணக்குக்குக் கொடுத்த நேரத்தில் பாதியைப் பிடுங்கி வாசிப்புக்குக் கொடுத்ததுதான்.

மூத்தவன் காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, நான் யாழ்ப்பாணத்தில் எழுதிய ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில். அதே வயது, அதே வெட்டுப்புள்ளிப் பதற்றம், 'உங்கட பிள்ளைக்கு எத்தனை?' என்று கேட்கும் அதே சனம். கடந்தகால வினாத்தாள்களைச் செய்து தள்ளினால் காரியம் முடிந்தது என்று இங்கேயும் நினைத்தேன். ஆனால் இங்கே பெரும்பாலும் பழைய தாள்களை வெளியே விடுவதில்லை. மாதிரிக்கு ஓரிரண்டு தருவார்கள், அவ்வளவுதான். கடையில் அடுக்கியிருக்கும் பயிற்சிப் புத்தகங்கள் எல்லாம் பதிப்பாளர்கள் ஊகித்து எழுதியவை. நாங்கள் அதில் ஒரு அலுமாரி நிறைய வாங்கினோம்.

முதலில் எந்தப் பள்ளி என்று முடிவு செய்யுங்கள். இங்கிலாந்து முழுவதற்கும் 163 கிராமர் பள்ளிகள்தான், லண்டனுக்குள் 19. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிதாக ஒன்று தொடங்கவும் முடியாது. 11 பிளஸ் என்று ஒரு பெயரில் சொல்கிறோமே தவிர, அது ஒரே சோதனை இல்லை. சட்டனில் உள்ள ஐந்து கிராமர் பள்ளிகளுக்கும் முதல் கட்டத்தில் பொதுச் சோதனை ஒன்று: ஆங்கிலமும் கணக்கும் மட்டும். லண்டனை அடுத்த கென்டில் அவற்றோடு ரீசனிங் என்ற தர்க்கக் கேள்விகளும் உண்டு, வடிவங்களைச் சுழற்றிப் பார்க்கிற கேள்விகள் உட்பட. சட்டனுக்குப் போகிற பிள்ளையை ஒரு வருடம் வடிவம் சுழற்ற வைத்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். சரி, அந்தக் குடும்பம் நாங்கள்தான். ரியூசன் நிலையத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடத்தைக் கொடுத்தார்கள், நானும் கேட்கவில்லை.

தூரத்தையும் பாருங்கள். பார்னட்டின் குயின் எலிசபெத்ஸ் போன்ற பள்ளி புள்ளி வரிசைப்படி எடுக்கும், எங்கிருந்தும் போகலாம். வேறு பள்ளிகளில் குறிப்பிட்ட அஞ்சல் குறியீடுகளுக்கு முன்னுரிமை. வடமேற்கு லண்டனின் ஹரோ பகுதியில் கிராமர் பள்ளியே இல்லை. அங்கேயுள்ள எங்கள் சனத்தின் பிள்ளைகள் பார்னட்டுக்கும், லண்டனுக்கு வெளியே உள்ள ஸ்லாவ் (Slough) நகரத்துக்கும் பஸ் மாறி மாறிப் போகிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளை குளிர்காலத்தில் காலை ஆறரைக்கு வீட்டை விட்டு இறங்குவதை, ஏழு வருடத்துக்கு, கொஞ்சம் கற்பனை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி ஆங்கிலம். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். மூத்தவன் பின்னம், சதவீதம் எல்லாம் தூக்கத்தில் செய்வான். வாசித்து விளங்கும் பகுதியில் நூறு வருடம் பழைய கதை ஒன்று வந்தால் போச்சு. 'மேன்டில்பீஸ்' என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டான். எனக்கே தெரியாது. அது குளிர்காய நெருப்பு மூட்டும் இடத்துக்கு மேலே இருக்கும் தட்டு. 'லார்டர்' என்றால் சாப்பாட்டுச் சாமான் வைக்கும் சின்ன அறை. எங்கள் வீட்டில் யார் இந்தச் சொற்களைச் சொல்லப்போகிறார்கள்? சொற்பட்டியல் எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன், ஆயிரம் சொல். பாடமாக்கினான், மறந்தான்.

இளையவளுக்குப் பட்டியலே இல்லை. இயர் 3 முடிவிலிருந்து சனிக்கிழமை தோறும் நூலகம். காசு இல்லை, அட்டை இருந்தால் போதும். கோடை விடுமுறையில் நூலகங்கள் நடத்தும் சம்மர் ரீடிங் சலஞ்சில் ஆறு புத்தகம் வாசித்தால் ஒரு பதக்கம் கொடுப்பார்கள், அதற்காகவே வாசித்தாள். இரவில் ஒரு பக்கம் அவள் சத்தமாக வாசிப்பாள், ஒரு பக்கம் நான். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பாள், பரவாயில்லை. தெரியாத சொல் வந்தால் உடனே அகராதி எடுக்காமல், அந்த வரியை வைத்து என்னவாக இருக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொன்னேன். சோதனையிலும் அதைத்தான் செய்ய வேண்டும். உங்கள் மகனுக்கு இப்போது இயர் 4 என்றால், இந்த வருடத்துக்கு இது போதும் என்பேன்.

அப்புறம், 'வீட்டில் தமிழை நிறுத்துங்கோ, அப்பதான் இங்கிலிஷ் வரும்' என்று யாராவது சொல்வார்கள். மூத்தவனுக்கு நிறுத்திப் பார்த்தோம். அவனுக்குக் கிடைத்தது என்னுடைய அரைகுறை ஆங்கிலம், போனது அப்பம்மாவோடு பேசுகிற தமிழ். இளையவளிடம் அந்த மடைத்தனத்தைச் செய்யவில்லை.

கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். சோதனை இயர் 6 தொடங்கிய செப்டம்பரிலேயே வந்துவிடும். பாடத்திட்டத்தில் விகிதமும் அட்சரகணிதமும் இயர் 6இல்தான் வருகின்றன. பள்ளியில் தொடுவதற்கு முன்பே இயர் 5 கோடையில் வீட்டில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

விடைத்தாள் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேள்வி ஒரு தாளில், விடை வேறு தாளில். பென்சிலால் கட்டத்தில் கோடு போட வேண்டும், மெஷின் வாசிக்கும். மூத்தவன் ஒரு மாதிரிச் சோதனையில் 14ஆவது கேள்வியை விட்டுவிட்டு, 15ஆவது விடையை 14இன் இடத்தில் போட்டு, கடைசி வரை அப்படியே இறங்கியிருந்தான். விடைகளில் முக்கால்வாசி சரி, புள்ளி படுபாதாளம். ஐந்து கேள்விக்கு ஒருமுறை இலக்கத்தைச் சரிபார்க்கப் பழக்குங்கள். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்காத சோதனை என்றால் ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது.

ரியூசன் கட்டாயமா? இல்லை. தனியாக வந்த ஆசிரியைக்கு மணிக்கு 40 பவுண் கொடுத்தோம், இயர் 5இல் எட்டு மாதம், வாரத்துக்கு ஒருநாள், கட்டுரை எழுத மட்டும். சில பள்ளிகளின் இரண்டாம் கட்டத்தில் கையால் எழுத வேண்டும், அதை என்னால் திருத்த முடியாது என்பதால்தான். மற்றதெல்லாம் வீட்டில், நாளுக்கு நாற்பது நிமிடம். தெரியாத மண்டபத்தில் தெரியாத பிள்ளைகளோடு இருந்து எழுதும் மாதிரிச் சோதனை இரண்டோ மூன்றோ போதும். பத்துப் பன்னிரண்டு எழுதி, ஒவ்வொரு முறையும் தரவரிசை பார்த்து வெளிறிப்போன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ஓகஸ்டில் பிறந்த பிள்ளை என்றால் கூடுதலாகப் பயப்பட வேண்டாம், பல சோதனைகளில் வயதுக்கு ஏற்பப் புள்ளியைச் சீராக்குவார்கள்.

கடைசியாகப் படிவம். சோதனைக்கு அந்தந்தப் பள்ளியிலோ கவுன்சிலிலோ இயர் 5 முடிவதற்குள் தனியாகப் பதிய வேண்டும். கென்டில் ஜூன் மாதம் முழுவதும் பதியலாம், அதற்குப் பிறகு கதவு சாத்திவிடும். அதுபோக, எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள பொதுவான பள்ளி விண்ணப்பத்தை ஒக்டோபர் 31க்குள் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். லண்டனில் ஆறு பள்ளிகள் போடலாம், முடிவு மார்ச் 1இல் வரும். எந்தப் பள்ளியை எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பது பள்ளிகளுக்குத் தெரியாது. ஆகவே தந்திரம் எதுவும் வேண்டாம், உண்மையில் விரும்பும் வரிசையிலேயே போடுங்கள். 'பாஸ்' என்று ஒக்டோபரில் கடிதம் வந்தாலும் அது இடம் கிடைத்தது என்று ஆகாது. அந்தக் கடிதத்தை நம்பி ஆறு இடத்திலும் கிராமர் பள்ளிகளையே போட்ட ஒருவருக்கு, மார்ச்சில் அவர் கேள்விப்படாத பள்ளி ஒன்று வந்தது. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள, நுழைவுச் சோதனை இல்லாத நல்ல பொதுப்பள்ளி ஒன்று அந்த ஆறில் இருக்கட்டும். அதை மகனையும் கூட்டிக்கொண்டு, சோதனைக்கு முன்பே போய்ப் பாருங்கள். மூத்தவனுக்கு நாங்கள் அதைச் செய்யவில்லை. மார்ச் 1 அன்று அவன் பள்ளியின் பெயரை என் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டான்.