பழைய நாணயத்தில் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் அது டபுள் டையா?

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த காசு டப்பாவில் ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயம் கிடைத்தது. ஆண்டு எண் இரட்டையாகத் தெரிகிறது. இது டபுள் டை, அதாவது அச்சிலேயே உருவம் இரட்டையாகப் பதிந்த வகையா? இந்தத் தேடலை நான் எப்படித் தொடங்குவது?

முதலில், அந்தக் காசைத் தேய்க்காதீர்கள். புளி போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் துலக்கிவிட்டால், நாம் பார்க்க வேண்டிய நுணுக்கமான விளிம்புகள் போய்விடும். அழுக்கு அதிகமாக இருந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். அது போதும்.

நான் மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன்பு எனக்கும் இதே கேள்விதான் வந்தது. எங்கள் அப்பா தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது மிஞ்சிய சில்லறை இரண்டு பவுடர் டப்பா நிறைய இருந்தது. அதில் ஒரு ரூபாய்க் காசு ஒன்றில் ஆண்டின் கடைசி இரண்டு எண்களும் இரட்டையாக இருந்தன. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஃபோர்ட் பகுதிக்குப் போய், நடைபாதையில் பழைய காசு விற்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். எல்லோரும் அவரை சாச்சா என்பார்கள். லென்ஸை வைத்து அரை நிமிடம் பார்த்துவிட்டு, "இது மெஷின் ஆடியது பேட்டா, டை இல்லை" என்று இந்தியில் சொன்னார். அதோடு விடாமல், தன் பெட்டியிலிருந்து அதே மாதிரி இரண்டு காசுகளை எடுத்து என் கையில் வைத்து, ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். அன்று அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மாவை எடுக்கும்போது கை அசைந்து ஓரம் நசுங்கினால், அந்த ஒரு கொழுக்கட்டை மட்டும்தான் கெடும். அச்சிலேயே கோடு விழுந்திருந்தால் அதில் பிடிக்கும் எல்லாக் கொழுக்கட்டையிலும் அதே இடத்தில் அதே கோடு இருக்கும். டபுள் டை என்பது இந்த இரண்டாவது வகை. நாணயம் அடிக்கும் அச்சுக்கு டை என்று பெயர். அந்த டையைச் செய்ய, உருவம் புடைத்திருக்கும் ஹப் என்ற எஃகுத் துண்டை அதன்மேல் அழுத்துவார்கள். பழைய முறையில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுதாக இறங்காது, எஃகும் இறுகிப்போகும். அதனால் டையைச் சூடாக்கி இளக்கி, மறுபடியும் அழுத்துவார்கள். இரண்டாம் முறை வைக்கும்போது மயிரிழை விலகினாலும் டையில் உருவம் இரட்டையாகப் பதிந்துவிடும். பிறகு அந்த டை அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அந்த இரட்டை வரும்.

மெஷின் டபுளிங் அப்படியல்ல. அடிக்கும் நேரத்தில் டை தளர்ந்திருந்தால், அடித்து விலகும்போது எழுத்தின் பக்கத்தை உரசி நசுக்கிவிடும். லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரத்தில் தட்டையாக, பளபளப்பாக, ஒரு படிக்கட்டு மாதிரி தெரியும். எழுத்து மெலிந்திருக்கும், ஏனென்றால் அதன் உடம்பிலிருந்துதான் அந்தப் படி வந்திருக்கிறது. உண்மையான டபுள் டையில் எழுத்து தடித்திருக்கும். இரண்டு உருவமும் புடைப்பாக, உருண்டையாக இருக்கும். எழுத்தின் மூலைகளில் பாம்பின் நாக்கு போல ஒரு பிளவு தெரியும். நான் முதலில் தேடுவது அந்தப் பிளவைத்தான்.

இன்னொன்றும் ஏமாற்றும். தேய்ந்த டையில் அடித்தால் எழுத்துகள் வீங்கி, நிழல் தட்டியதுபோல இருக்கும். இதற்கும் உண்மையான டபுள் டைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அமெரிக்காவின் 1955 ஒரு சென்ட் நல்ல உதாரணம். அந்த ஆண்டு பிலடெல்பியாவில் அடித்த உண்மையான டபுள் டை சென்ட்டில் ஆண்டும் எழுத்துகளும் வெறும் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். தவறு தெரிய வந்தபோது அவை மற்ற காசுகளோடு கலந்துவிட்டிருந்தன. அப்படி 20,000க்கும் மேற்பட்டவை வெளியே போயின என்பார்கள். அதே 1955இல் கடைசி 5 மட்டும் லேசாக இரட்டித்த சென்ட்டுகளும் உண்டு. அவற்றுக்கு 'ஏழையின் டபுள் டை' என்று பெயர். தேய்ந்த டையால் வந்தது அது. முதலாவது பெரிய விலை போகும், இரண்டாவதற்கு அந்த மதிப்பில் சிறு துளிகூட இல்லை.

சரி, தேடும் முறை. பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும், ஜவேரி பஜாரில் கிடைக்கும். மேசை விளக்கைச் சாய்வாக வைத்து, காசை ஓரத்தில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். சில இரட்டைகள் வெளிச்சத்தின் மாயம். சுழற்றும்போது அவை காணாமல் போய்விடும். ஆண்டு, 'பாரத்', 'இந்தியா', சிங்க முகப்பின் கீழே இருக்கும் 'சத்யமேவ ஜயதே' என்ற வரிசையில் பாருங்கள்.

பிறகு ஆண்டையும், காசு எந்த நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது என்று காட்டும் குறியையும் எழுதி வையுங்கள். ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. இந்தக் குறிப்பு இல்லாமல் தேடல் நகராது, ஏனென்றால் உங்கள் அடுத்த வேலை ஜோடி தேடுவது. அதே ஆண்டு, அதே நாணயச்சாலைக் காசுகளில், அதே எழுத்து அதே திசையில் அதே அளவு இரட்டித்திருக்கும் இன்னொன்று கிடைத்தால்தான் டையில் தவறு என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். ஒற்றைக் காசை வைத்து யார் உறுதி சொன்னாலும் நான் காத்திருப்பேன். 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டதால், நடைபாதைக் கடைகளில் கைப்பிடி கைப்பிடியாக மலிவாகக் கிடைக்கும். பழக அவைதான் நல்லது.

மழைக்காலத்தில் கவனம் தேவை. மும்பை ஈரத்தில் செம்புக் காசுகள் ஒரே ஆடியில் பச்சை பூத்துவிடும். மலிவான பிவிசி உறைகளைத் தவிர்த்து, அட்டை உறையில் போட்டு, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள்.

அப்புறம், போனில் யாராவது உங்கள் காசுக்கு லட்சம் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்றால் உடனே வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இப்படிக் கேட்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே இதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று எச்சரித்தது. என் பக்கத்து வீட்டு அக்கா இதில் மூவாயிரம் ரூபாய் இழந்தார்.

என்னிடம் இப்போது ஒரே ஒரு 25 பைசா இருக்கிறது, காண்டாமிருகம் போட்டது. மூலைகளில் பிளவு தெளிவாகத் தெரிகிறது, படிக்கட்டு இல்லை. இரண்டு வருடமாக அதன் ஜோடியைத் தேடுகிறேன். சாச்சாவும் தன் பெட்டியில் அந்த ஆண்டைத் தனியே ஒதுக்கி வைக்கிறார். உங்கள் ரூபாயில் என்ன ஆண்டு, கீழே என்ன குறி என்று எழுதுங்கள். அப்பாவின் டப்பாக்களில் ரூபாய்க் காசுகளும் நிறைய இருக்கின்றன, உங்களுடையதற்கு ஜோடி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.